வசனம் காட்டுங்கள்!

"திரித்துவம் என்ற சொல் வேதத்தில் எங்கே இருக்கிறது? வசனம் காட்டுங்கள்" என்று கேட்கிறவரிடம் காட்ட வசனம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கும் கிடையாது. லெந்து நாட்களுக்கும் திடப்படுத்தலுக்கும் பேராயத்துக்கும், சி.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்துக்கும் கிடையாது. இதை ஒப்புக்கொண்ட உடனே வழக்கு முடிந்தது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: கேட்டவர் வேதத்தின் பக்கம், வாயடைத்து நின்றவர் மனித பாரம்பரியத்தின் பக்கம். தனிச் சபைகளின் பிரசங்க மேடையில் கிளம்பி, துண்டுப் பிரசுரங்கள் வழியாக வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்த இந்தத் தீர்ப்பை இப்போது பாரம்பரிய சபைப் பிள்ளைகளே பயபக்தியோடு ஏற்றுக்கொள்கிறார்கள். நாம் யார் என்பதையும் நாம் என்ன செய்கிறோம் என்பதையும் வேதச் சொற்களால் மட்டுமே சொல்ல வேண்டும் என்பது கேட்பதற்குப் பக்தியாக இருக்கிறது. அதனாலேயே யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடலாம். கொரிந்து சபையார் பவுலின் ஆட்கள், அப்பொல்லோவின் ஆட்கள், கேபாவின் ஆட்கள் என்று பிரிந்து நின்றபோது பவுல் அவர்களைக் கடுமையாகக் கடிந்துகொண்டார். லுத்தரன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்று நிற்பது மட்டும் எப்படிச் சரியாகும் என்ற கேள்வி நேர்மையானது. தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரே தெருவில் மூன்று கோயில்களும் இரண்டு ஜெப வீடுகளும் நிற்பதைப் பார்க்கிற எவருக்கும் இந்தக் கேள்வி வரும். பெண் பார்க்க வருகிறவர்கள் "எந்தச் சபை?" என்று கேட்கும்போது அதன் அடியில் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதை அறிந்தவர்களுக்குக் கூடுதலாகவே வரும். மனிதர் வைத்த பெயர்களை உதறிவிட்டு வேதம் தந்த பெயர்களுக்குத் திரும்பினால் பிரிவினை தீரும் என்பதே இவர்களின் நம்பிக்கை. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் இந்த மருந்தை ஒரு தேசம் ஏற்கெனவே குடித்துப் பார்த்திருக்கிறது.

அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த தாமஸ் கேம்பல் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர், தன் உட்பிரிவைச் சேராதவர்களையும் கர்த்தருடைய பந்திக்கு அழைத்ததற்காகச் சொந்தச் சபையாரின் கண்டனத்துக்கு ஆளானவர். 1809இல் அவர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். வேதம் பேசும் இடத்தில் பேசுவது, அது மௌனமாயிருக்கும் இடத்தில் மௌனமாயிருப்பது என்பது அவர் கூட்டத்தின் கொள்கையாயிற்று. (இந்தக் கொள்கைக்கு வசனம் உண்டா என்று யாராவது அன்றைக்கே கேட்டிருக்கலாம்.) கென்டக்கியில் பார்ட்டன் ஸ்டோன் என்பவர் 1804இல் தாம் சேர்ந்திருந்த பிரஸ்பிட்டேரியன் அமைப்புக்கு உயில் எழுதுவதுபோல் ஓர் ஆவணம் எழுதி அதைக் கலைத்துவிட்டு, கிறிஸ்தவர் என்ற பெயர் மட்டும் போதும் என்றார். கேம்பலின் மகன் அலெக்சாண்டரின் கூட்டமும் ஸ்டோனின் கூட்டமும் 1832இல் லெக்சிங்டனில் கைகோத்தன. வேதப் பெயர் மட்டுமே வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் இம்மியளவு வேறுபாடு இல்லை. எந்த வேதப் பெயர் என்பதில்தான் சிக்கல். அந்தியோகியாவில் வழங்கிய பெயர் தேவன் தந்த பெயர், ஆகவே "கிறிஸ்தவர்" என்றார் ஸ்டோன். அதைவிடப் பழையது, தாழ்மையானது "சீஷர்" என்றார் அலெக்சாண்டர் கேம்பல். கிறிஸ்தவர் என்ற வெறும் பெயரைச் சூடிக்கொண்ட சிலர் திரித்துவத்தை மறுக்கிறார்கள் என்பதும் அவருக்கு உறுத்தியது. ஸ்டோனுக்கே திரித்துவ உபதேசத்தில் மனம் ஒப்பவில்லை. காரணம், நாம் இன்று கேட்கும் அதே காரணம்.

இணைந்த இயக்கம் ஒன்றாக நின்றதா? 1860 வாக்கில் கென்டக்கியின் மிட்வே ஊர்ச் சபையில் சிறிய ஆர்மோனியம் போன்ற ஒரு வாத்தியம் நுழைந்தது. புதிய ஏற்பாடு வாத்தியத்தைப் பற்றி மௌனம். அப்படியானால் தடையா, அனுமதியா? ஒரே சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கட்சியாக நின்று வாதாடினார்கள். மௌனத்துக்கு உரை எழுதுவது மனிதர்தானே! 1906இன் அமெரிக்க மதக் கணக்கெடுப்பு இவர்களை இரு தனி அமைப்புகளாகப் பதிவு செய்தது. பின்னர் அது மூன்றாயிற்று. இன்றைக்கு "கிறிஸ்துவின் சீஷர்கள்", "கிறிஸ்துவின் சபைகள்", இரண்டிலும் சேராத தனித்த "கிறிஸ்தவ சபைகள்" என மூன்று கிளைகள். மூன்று பெயரும் வேதப் பெயர். பிரிவினையை ஒழிக்கப் புறப்பட்ட இயக்கம், ஏற்கெனவே இருந்த பிரிவுகளோடு மூன்றைச் சேர்த்தது.

அதில் "கிறிஸ்துவின் சபை" தமிழ்நாட்டுக்கும் வந்து, பல ஊர்களில் பெயர்ப்பலகையாக நிற்கிறது. சிலவற்றில் ரோமர் 16:16 என்று ஆதாரமும் எழுதியிருக்கும். அந்த வசனத்தைப் புரட்டிப் பாருங்கள். பிற்பாதியில் கிறிஸ்துவின் சபைகள் வாழ்த்துச் சொல்கின்றன, பன்மையில். முற்பாதியில் ஒருவரையொருவர் பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்தும்படி கட்டளை இருக்கிறது. பிற்பாதி பலகைக்கு ஏறிவிட்டது. முற்பாதி அக்காலத்து வழக்கம் என்று விளக்கம் பெற்றுவிட்டது. எனக்கு ஆட்சேபம் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் பரிசுத்த முத்தத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லும் துணிச்சல் எனக்கும் கிடையாது. ஆனால் ஒரே வசனத்தில் எது நிலையான பெயர், எது அக்காலத்து வழக்கம் என்று பிரிக்கிற அறிவு அந்த வசனத்துக்குள் இல்லை. வாசிக்கிறவர் அதை வெளியிலிருந்து கொண்டுவருகிறார்.

இதற்கு ஒரு தயார்ப் பதில் உண்டு: அது பெயரே அல்ல, வர்ணனை, கிறிஸ்துவுக்குச் சொந்தமான சபை என்று உள்ளதைச் சொல்கிறோம். சரி, வர்ணனைதான் என்றால் எதிர்த் தெருவிலுள்ள லுத்தரன் சபையையும் கிறிஸ்துவின் சபை என்று அழைப்பீர்களா? அழைக்க மாட்டீர்கள். பலகையிலும், சங்கப் பதிவிலும், வங்கிக் கணக்கிலும், சொத்துத் தகராறு வந்தால் வக்காலத்திலும் இடம்பெற்று, மற்றவரிலிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும் சொல்லுக்குத் தமிழில் பெயர் என்றுதான் பெயர். லுத்தரன் என்ற பெயராவது, நாங்கள் ஒரு மனிதரின் வாசிப்பைப் பின்பற்றும் ஒரு பகுதியார் என்று ஒத்துக்கொள்கிறது. வேதப் பெயரைச் சூடிய பிரிவுக்கு அந்த அடக்கம்கூட இல்லை. தன்னைத் தவிர மற்றவரெல்லாம் கிறிஸ்துவின் சபைக்கு வெளியே என்று அது வாய் திறவாமலேயே சொல்லிவிடுகிறது.

பிளைமவுத் ஊரோடு சேர்த்து அறியப்பட்ட சகோதர சபையாரின் கதையும் இதுவே. எந்தப் பெயரும் வேண்டாம், சகோதரர் என்றால் போதும் என்றார்கள். 1848இல் அவர்களின் தலைவர்களுள் ஒருவரான டார்பியின் தரப்பும் பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் இருந்த தரப்பும் பிரிந்தபோது, இரு கூட்டச் சகோதரரையும் எப்படிப் பிரித்துச் சொல்வது என்று தெரியாமல் ஊரார் "திறந்த", "விலகிய" என்று அடைமொழி ஒட்டினார்கள். பெயர் வைக்க மறுத்தவர்களுக்கு மற்றவர்கள் பெயர் வைத்துவிடுவார்கள்.

வேதத்திலேயே அப்படித்தானே நடந்தது? "கிறிஸ்தவர்" என்ற சொல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது: அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு, பேதுருவின் முதல் நிருபத்தில் ஒன்று. அந்தியோகியாவில் அது மற்றவர் வாயில் பிறந்த பெயர் என்றே வேத அறிஞரில் பெரும்பாலோர் கொள்கிறார்கள். அகிரிப்பா ராஜா அதைச் சொல்லும் தொனியில் ஏளனம் கேட்கிறது. பேதுரு அதை எழுதுவது அந்தப் பெயரால் பாடுபடுகிறவர்களுக்கு. விசுவாசிகள் தங்களைச் சகோதரர், பரிசுத்தவான்கள், இந்த மார்க்கத்தார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். பவுலின் நிருபங்களில் "சீஷர்" என்ற சொல் ஒருமுறைகூட இல்லை என்பது கேம்பலின் ஆட்களுக்குக் கொஞ்சம் சங்கடமான செய்தி. வெளியார் இட்ட பெயரைக் கூச்சமின்றி வாங்கி, அதற்குத் தங்கள் வாழ்க்கையால் பொருள் ஏற்றினார்கள் ஆதித் திருச்சபையார். திருநெல்வேலிக் கிராமங்களில் நம் பாட்டன்மாரை "வேதக்காரர்" என்றும், அவர்கள் கும்பிட்ட இடத்தை "வேதக்கோயில்" என்றும் அழைத்தது ஊர். அந்தச் சொற்கள் எந்த அதிகாரத்திலும் இல்லை. அந்தியோகியாவில் நடந்ததுதான் நாசரேத்திலும் சாயர்புரத்திலும் நடந்தது.

இனித் திரித்துவத்துக்கு வருவோம். உண்மையான சண்டை இங்கேதான்.

கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய பேராயர்கள் வேதத்தில் இல்லாத ஒரு கிரேக்கச் சொல்லை, குமாரன் பிதாவோடு ஒரே சாரமுள்ளவர் என்ற பொருளில், விசுவாசப் பிரமாணத்தில் எழுதிவைத்தார்கள். தத்துவ மோகத்தில் செய்ததாக இன்று பேசுகிறார்கள். அங்கே டீக்கனாக உடனிருந்த அத்தனாசியு பிற்பாடு எழுதிவைத்த விவரம் வேறு. வேதச் சொற்களால் மட்டுமே எழுதத்தான் அவர்கள் முதலில் முயன்றார்கள். குமாரன் "தேவனிடத்திலிருந்து" வந்தவர் என்று எழுதலாம் என்றார்கள். குமாரன் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுவின் கட்சியார் உடனே சம்மதித்தார்கள்: சகலமும் தேவனிடத்திலிருந்துதானே, பவுலே சொல்லியிருக்கிறார்! தேவனுடைய "சாயல்" என்று எழுதலாமா? எழுதலாமே, மனிதனும் தேவனுடைய சாயல்தான். "வல்லமை"? தாராளமாக, யோவேலின் கிரேக்கப் பாடத்தில் வெட்டுக்கிளிக் கூட்டத்துக்கும் வல்லமை என்று பெயர். "எப்போதும்" இருக்கிறவர்? நாமும் எப்போதும் என்று பவுல் விசுவாசிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வேதச் சொல்லுக்கும் ஆரியு கட்சியார் ஒருவரையொருவர் பார்த்துக் கண்சாடை காட்டித் தலையாட்டினார்களாம். ஆரியுவுக்கு வேத வசனத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை. நீதிமொழிகள் எட்டாம் அதிகாரம், பிதா என்னிலும் பெரியவர் என்று இயேசு சொன்னது, சிருஷ்டிக்கெல்லாம் முந்தின பேறு என்ற கொலோசெயர் வசனம் என்று அவர் கையிலிருந்ததெல்லாம் அசல் வேதவாக்கு. அந்த வாக்கியங்கள் எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பதே கேள்வி. இரு தரப்பும் ஒரே வாக்கியங்களைச் சொல்லும்போது, அவற்றையே திரும்பச் சொல்லி அந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. தலையாட்ட முடியாத ஒரு சொல் தேவைப்பட்டது. அதனால்தான் வெளியிலிருந்து ஒன்றை எடுத்தார்கள்.

வேதத்தில் இல்லாத சொல்லுக்குத் தடை போடுவது ஏதோ சீர்திருத்த கால ஞானம் என்று நினைப்பவர்கள் 357ஆம் ஆண்டைப் பார்க்கட்டும். அவ்வாண்டு சிர்மியத்தில் வெளியான பிரமாணம், சாரம் பற்றிய சொற்கள் வேதத்தில் இல்லை, ஆகவே இனி அவற்றைச் சபையில் பேசவே கூடாது என்றது. எழுதியவர்கள் நிசேயாவின் எதிரிகள், பேரரசனின் ஆதரவு பெற்றவர்கள். நூறு வயதை நெருங்கியிருந்த கொர்தோபா பேராயர் ஓசியுவிடமிருந்து வற்புறுத்திக் கையொப்பம் வாங்கினார்கள். "வசனம் காட்டு" என்ற கோரிக்கை அன்றைக்கு, பிதாவுக்குச் சமமாகக் குமாரனை ஆராதிக்கிறவர்களின் வாயை அடைக்கும் கருவியாக இருந்தது. இன்றைக்கும் யெகோவாவின் சாட்சிகள் ஏசாயா 43ஆம் அதிகாரத்திலிருந்து 1931இல் எடுத்துக்கொண்ட பெயரோடு வாசலில் வந்து நின்று, திரித்துவம் என்ற சொல் வேதத்தில் இல்லை என்கிறார்கள். அதே வாதத்தைச் சொல்லிப் பாரம்பரிய சபைகளை மடக்கும் தனிச் சபைப் பாஸ்டர், வாசலில் நிற்பவர்களுக்கு மட்டும் என்ன பதில் சொல்வார்? சொல் இல்லாவிட்டாலும் கருத்து இருக்கிறது என்பார். அத்தனாசியு சொன்னதும் அதுதான். அந்த நியாயம் திரித்துவத்துக்குச் செல்லும் என்றால் திடப்படுத்தலுக்கும் பேராயத்துக்கும் அதே நியாயத்தின்படிதான் விசாரணை நடக்க வேண்டும். கருத்தில் தவறென்று காட்டுங்கள், விட்டுவிடுகிறோம். சொல் இல்லை என்பது மட்டும் குற்றப்பத்திரிகை ஆகாது.

தமிழில் இந்த வாதம் இன்னும் மெலிந்துபோகிறது. வேதச் சொல், வேதச் சொல் என்கிறோமே, எந்தச் சொல்? தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கு தேவனைச் சருவேசுரன் என்றார். அவருக்குப் பின் மொழிபெயர்த்த பப்ரிசியு பராபரன் என்றார். இன்று நம் கையிலிருக்கும் பழைய மொழிபெயர்ப்பு தேவன் என்கிறது. பின்வந்த திருத்தமும் 1995இன் திருவிவிலியமும் கடவுள் என்கின்றன. நூலின் பெயரே வேதமும் ஆகமமும் சேர்ந்தது. இரண்டும் சைவரிடமிருந்து நாம் வாங்கிக்கொண்ட சொற்கள். சபை என்றால் சிதம்பரத்தில் நடராசர் ஆடுமிடமும் சபைதான். ஒவ்வொன்றையும் ஒரு மொழிபெயர்ப்பாளர் யோசித்து, முன்ஷிகளோடு வாதாடித் தேர்ந்தெடுத்தார். அமெரிக்காவிலும் இதே கதை: அலெக்சாண்டர் கேம்பல் 1826இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் ஞானஸ்நானத்துக்கு வழக்கமான ஆங்கிலச் சொல்லை நீக்கிவிட்டு, முழுக்கு என்று பொருள்படும் சொல்லைப் போட்டார். வேதச் சொற்களையே பேச வேண்டும் என்றவர், அதற்கு முன் வேதத்திலுள்ள சொல்லை மாற்ற வேண்டியிருந்தது.

பழக்கப்பட்ட சொல்லையே பரிசுத்தச் சொல் என்று நம்பிச் சண்டை போட்டவர்கள் நம்மிலும் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மகா கவி. அவர் கீர்த்தனைகள் இல்லாத தமிழ்த் திருச்சபையை நினைத்துப் பார்க்க முடியாது. புதிதாக வந்த மிஷனரிமார் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்தியதை அவர் ஆவேசமாக எதிர்த்தார். அதே மூச்சில், எல்லாச் சாதியாரையும் கலந்து உட்காரவைத்ததையும் எதிர்த்தார். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேறுபாட்டைச் சபைக்குள் அடியோடு விட்டுவிடும்படி எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஏராளமானோர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதி உலக வழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர்கள் வாதம்.

அவர்களிடம் போய் வசனம் காட்ட முடியுமா? பழைய மொழிபெயர்ப்பில் ஜாதி என்ற சொல் நிறையவே வருகிறது, ஆனால் தேசத்தார், இனத்தார் என்ற பொருளில். சகல ஜாதிகளையும் சீஷராக்கச் சொன்ன கட்டளையில் இருக்கும் ஜாதி, தஞ்சாவூர்ச் சபையில் தனி வரிசை கேட்ட சாதி அல்ல. இந்தச் சாதிக்கு வேதத்தில் சொல்லே இல்லை. யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய பட்டியலில் நம் ஊர்ப் பெயர் எதுவும் கிடையாது. சொல்லை மட்டும் தேடுகிறவர் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். சாதிக்கு எதிராகத் திருச்சபையில் பேசிய ஒவ்வொருவரும் வேதத்தில் இல்லாத ஒரு சொல்லை எடுத்து, வேதத்தின் கருத்தை அதன்மேல் ஏவினார்கள். வேறு வழி இருக்கவில்லை. வசனம் கேட்கும் நண்பர்கள் இந்த இடத்தில் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

பண்டிகைகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மாசச்சூசெட்ஸின் பியூரிட்டன்கள் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். 1681இல் அது நீக்கப்பட்டது. குவேக்கர்கள் இன்னும் நேர்மையாளர்கள். கிழமைகளின் பெயர்களில் அந்நிய தெய்வங்கள் இருக்கின்றன என்று முதலாம் நாள், இரண்டாம் நாள் என எண்ணிட்டே சொன்னார்கள். நம் ஊரில் டிசம்பர் வந்ததும் கிறிஸ்துமஸுக்கு வசனம் கேட்கும் நோட்டீஸின் அடியில் ஆராதனை நேரம் "ஞாயிறு காலை" என்றுதான் அச்சாகிறது.

பட்டங்களைப் பற்றி மட்டும் எதிர்த்தரப்போடு நான் பாதிவழி வருவேன். மறைதிரு, வணக்கத்துக்குரிய, மகா கனம் பொருந்திய என்று அடுக்கிக்கொண்டு போவது மத்தேயு 23ஆம் அதிகாரத்தின் முன் நிற்காது. ரபீ என்றும் பிதா என்றும் குரு என்றும் அழைக்கப்பட விரும்பாதீர்கள் என்று இயேசு சொன்னதை எங்கள் பேராயர்கள் அடிக்கடி வாசிக்க வேண்டும். ஆனால் இந்தப் பட்டங்களை வெறுத்துப் பிரிந்தவர்களின் பிளெக்ஸ் பலகைகளைப் பாருங்கள். "அப்போஸ்தலர்", "தீர்க்கதரிசி", "தேவ மனுஷன்": எல்லாம் கலப்படமற்ற வேதச் சொற்கள், ஆள் உயர எழுத்தில், கோட் சூட்டோடு. எல்லாரையும் சமமாக்க எடுத்த "பிரதர்" என்ற சொல்லே நம்மிடம் பெரிய ஊழியக்காரர்களின் பட்டமாகிவிட்டது. "பிரதர் வருகிறார்" என்றால் கூட்டம் எழுந்து நிற்கிறது. நாற்காலி போடுகிறவனை அந்தக் கூட்டத்தில் யாரும் பிரதர் என்று சொல்வதில்லை, "தம்பி" என்கிறார்கள். என் ஊர்ச் சேகரத்தில் குருவானவரை ஐயர் என்போம். வேதச் சொல் அல்ல, பிராமண வாடை வீசும் சொல் என்றுகூட ஆட்சேபம் சொல்லலாம். அந்த ஐயர் அசன விருந்தில் பந்திக்கு இலை போட்டுப் பரிமாறுகிறார் என்றால் எனக்கு அந்தச் சொல்லோடு வழக்கில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வேதத்தில் இருப்பது மட்டும் போதும் என்கிறவர், தன் வேதாகமத்தின் முதல் தாளைத் திருப்பிப் பொருளடக்கத்தைப் பார்க்கட்டும். மத்தேயு முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை 27 புத்தகங்கள். இத்தனை புத்தகங்கள், இவையே, வேறு இல்லை என்று அந்த 27இல் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அந்தப் பட்டியலுக்கு வசனம் கிடையாது. இன்று நாம் வைத்திருக்கும் அதே 27ஐயும், கூடாமல் குறையாமல், நமக்குத் தெரிந்தவரை முதன்முதலில் எழுதி வைத்தது ஒரு பேராயர் தம் சபைகளுக்கு 367ஆம் ஆண்டு அனுப்பிய ஈஸ்டர் கடிதம். எழுதியவர் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு. நிசேயாவின் அந்த வேதத்தில் இல்லாத சொல்லைக் காப்பதற்காகப் பலமுறை நாடுகடத்தப்பட்டவர்.